ஹேமர் டிரில்: எதற்குச் சுத்தியல் வேண்டும், எதற்கு வேண்டாம்

ஹேமர் டிரில்லின் மேல்பக்கத்தில் ஒரு சின்ன விசை இருக்கும். ஒரு பக்கம் டிரில் பிட் படம், மறுபக்கம் சுத்தியல் படம். புதிதாக வாங்கியவர்களில் பலர் முதல் நாளே அதைச் சுத்தியல் பக்கம் தள்ளிவிடுவார்கள். பிறகு அதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. செங்கல் சுவருக்கும் சுத்தியல், பாத்ரூம் டைல்ஸுக்கும் சுத்தியல், தேக்கு நிலைக்கும் சுத்தியல். டைல்ஸ் விரிசல் விட்டால் கம்பெனி சரியில்லை என்பார்கள். திருகு கழன்று வந்தால் கொத்தனார் சரியில்லை என்பார்கள். இந்தக் கருவியைப் பாதுகாப்பாகக் கையாள்வதில் பாதி, அந்த விசையை எப்போது சுத்தியலிலிருந்து எடுக்க வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான். மீதிப் பாதி கை, கண், மூச்சு, மின்சாரம்.

புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு இது இன்னும் கொஞ்சம் அவசியம். பக்கத்துப் பக்கத்துத் தெருவிலேயே சுவரின் சாதி மாறிவிடுகிற ஊர்கள் இவை. ஒயிட் டவுனில் சுண்ணாம்புக் காரை பூசிய தடித்த செங்கல் சுவர். லாஸ்பேட்டையில் பில்லர் போட்டுக் கட்டிய மாடி வீடு. கடலூர் பக்கம் நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த ஃப்ளை ஆஷ் கல். ஆரோவில் பக்கம் ஐந்து சதவீத அளவுக்குச் சிமென்ட் கலந்து அழுத்திச் செய்த மண் கல். ஒரே டிரில், ஒரே பிட், ஒரே அழுத்தம் என்று இவற்றில் எல்லாம் இறங்க முடியாது.

உள்ளே என்ன நடக்கிறது

மரமும் இரும்பும் சீவினால் வரும். பிட்டின் கூர்முனை சுழன்று சுருள் சுருளாகச் சீவி எடுக்கும். அதற்குச் சுழற்சி மட்டும் போதும். கல்லையும் கான்க்ரீட்டையும் அப்படிச் சீவ முடியாது. அடித்து நொறுக்கித்தான் எடுக்க வேண்டும். டிரில் வருவதற்கு முன் சுவரில் துளை போட்டவர்கள், உளியை ஒரு கையில் பிடித்து, அடிக்கு அடி கொஞ்சம் திருப்பி, மறுகையால் சுத்தியலைப் போட்டார்கள். அடி நொறுக்கும், திருப்பல் நொறுங்கியதை ஒதுக்கி, அடுத்த அடிக்குப் புது இடம் காட்டும். ஹேமர் டிரில் செய்வதும் இதே இரட்டை வேலைதான்.

வீட்டு உபயோகத்துக்கு விற்கும் 500, 600 வாட் ஹேமர் டிரில்லுக்குள் பல் வைத்த இரண்டு வட்டத் தகடுகள் இருக்கின்றன. விசையைச் சுத்தியலில் வைத்து, பிட்டைச் சுவரில் அழுத்தும்போது இவை ஒன்றன்மேல் ஒன்று உரசும். பல் மேல் பல் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் பிட் முன்னும் பின்னும் அதிர்கிறது. நிமிடத்துக்கு 2,800 சுற்று, சுற்றுக்கு 16 பல் என்றால் 44,800 அடி. அடி ஒவ்வொன்றும் சின்னதுதான், எண்ணிக்கைதான் பெரிது. நீங்கள் அழுத்தாவிட்டால் தகடுகள் சரியாகக் கூடாது, அடியும் விழாது. அதனால்தான் இந்த வகை டிரில்லில் உடம்பைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கிறது.

கொத்தனார்களும் ஏசி மாட்டுபவர்களும் கொண்டுவருகிற கனமான மிஷின் வேறு. அது ரோட்டரி ஹேமர். அதற்குள் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்த, அந்தக் காற்று ஓர் இரும்புக் கட்டையைத் தள்ளி பிட்டின் பின்புறத்தில் அடிக்க வைக்கிறது. நிமிடத்துக்கு நாலாயிரம், ஐந்தாயிரம் அடிதான். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் 2, 3 ஜூல் வலு. அதன் பிட்டை சாவி போட்டு முடுக்குவதில்லை. பள்ளம் வெட்டிய எஸ்டிஎஸ் பிட்டைத் தள்ளினால் தானே பூட்டிக்கொள்ளும். கான்க்ரீட்டில் 10, 12 மி.மீ. துளை நிறையப் போட வேண்டுமென்றால் இதை வாடகைக்கு எடுப்பதே நல்லது. சின்ன டிரில்லை வைத்து மல்லுக்கட்டினால் மோட்டார் சூடேறும், பிட் முனை மழுங்கும், தோளும் போகும்.

துளையின் வேலை துளையோடு முடிவதில்லை. அதில் ஒரு பிளக் (திருகைப் பிடிக்கும் நைலான் உறை) போய், அதில் திருகு ஏறி, திருகு பிளக்கை விரித்து, அது துளையின் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய வீடுகளில் சுவிட்ச் போர்டைக் கழற்றினால் சுவருக்குள் ஒரு மரக்கட்டை தெரியும். உளியால் குழி வெட்டி, கட்டையைப் பதித்து, காரை பூசி, அதில் திருகு போட்டிருப்பார்கள். இன்று நாம் வாங்கும் நைலான் பிளக் 1958-இல் ஜெர்மனியில் ஆர்தர் ஃபிஷர் கொண்டுவந்தது. அது உராய்வில் பிடிக்கிற பொருள். துளை உருண்டையாக, சரியான அளவில் இருந்தால்தான் பிடிக்கும். மென்மையான சுவரில் சுத்தியல் ஓடினால் துளையின் வாய் அகன்றுவிடும். 8 மி.மீ. பிட்டில் போட்ட துளை 10 மி.மீ. ஆகிவிடும். அலமாரி விழுவதற்கு இது போதும்.

எந்தச் சுவர் என்று எப்படித் தெரியும்?

முதலில் விரல் முட்டியால் தட்டுங்கள். கனமாக, ஒலியே எழாமல் இருந்தால் உள்ளே திடமான செங்கல் அல்லது கான்க்ரீட். 'டொப் டொப்' என்றால் உள்ளே காலியாக இருக்கும் ஹாலோ பிளாக், அல்லது பூச்சு சுவரை விட்டு விலகியிருக்கிறது, அல்லது ஜிப்சம் பலகை.

பிறகு, சுத்தியல் இல்லாமல், 4 அல்லது 5 மி.மீ. பிட்டால் ஒரு சோதனைத் துளை போடுங்கள். தூளைப் பாருங்கள். முதல் 12, 15 மி.மீ. வரை சாம்பல் நிறத்தில் வருவது சிமென்ட் பூச்சு. அதற்குப் பிறகு சிவப்பாக வந்தால் செங்கல். சாம்பல் நிறத்திலேயே சுலபமாக இறங்கிக்கொண்டிருந்தால் ஃப்ளை ஆஷ் கல். சாம்பல் நிறம், ஆனால் பிட் நகரவே இல்லை என்றால் கான்க்ரீட். வெள்ளையாக, மாவு போல, வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கினால் ஏஏசி பிளாக், அதாவது காற்றுக் குமிழ்கள் நிறைந்த லேசான கான்க்ரீட் கல். வெள்ளையும் சிவப்பும் கலந்து, நடுநடுவே பிட் திடீரென்று உள்ளே விழுந்தால் பழைய சுண்ணாம்புச் சுவர். இந்தச் சோதனைத் துளையே நீங்கள் போடப் போகும் துளைக்கு வழிகாட்டியாகவும் ஆகிவிடும் என்பதால் வீண் வேலை இல்லை.

தூளைப் பார்ப்பதற்கும் முன் பார்க்க வேண்டியது சுவிட்ச் போர்டு. நம் ஊர் வீடுகளில் ஒயர் போகும் பிவிசி பைப் சுவருக்குள் புதைந்திருக்கும். பெரும்பாலும் சுவிட்ச் பெட்டியிலிருந்து நேர் மேலே ஏறி சிலாபுக்குப் போகும். சில வீடுகளில் பெட்டிக்குப் பெட்டி குறுக்காகவும் ஓடும். எனவே சுவிட்ச், பிளக் பாயின்ட், லைட் பாயின்ட் ஆகியவற்றின் நேர் மேலும் நேர் கீழும் பக்கவாட்டிலும் துளை போடாதீர்கள். மேல்தளத்தில் ஃபேன் கொக்கியைச் சுற்றியும் பைப் ஓடும். குளியலறையில் குழாய்க்கும் ஷவருக்கும் இடையிலுள்ள நேர்கோட்டுக்குள் தண்ணீர் பைப். சந்தேகம் இருந்தால் மின் பலகையில் அந்த அறைக்கான எம்சிபி என்ற விசையை இறக்கிவிட்டு, டிரில்லுக்கு வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் போட்டு மின்சாரம் எடுங்கள்.

டிரில்லில் இரண்டு பின் பிளக்தானே இருக்கிறது, எர்த் இல்லையே என்று சிலர் பயப்படுவார்கள். பெயர்த் தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு கொண்ட கருவி, எர்த் தேவையில்லை. ஆனால் அந்தக் காப்பு, டிரில்லின் மோட்டாரிலிருந்து வரும் மின்சாரத்துக்கு எதிரானது. சுவருக்குள் ஓடும் ஒயரை பிட் கடித்தால் பிட்டிலும், முன்னால் பிட்டைக் கவ்வியிருக்கும் இரும்புச் சக்கிலும் மின்சாரம் ஏறும். அதனால் கை எப்போதும் பிளாஸ்டிக் பிடியில்தான் இருக்க வேண்டும். குறி பார்ப்பதற்காக இடது கையால் சக்கைத் தாங்கிப் பிடிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை விட்டுவிடுங்கள். வீட்டு மெயின் போர்டில் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் பெரிய ஆறுதல். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் பழைய சாக்கெட்டின் பித்தளை களிம்பேறித் தொளதொளவென்று இருக்கும். அதில் செருகினால் தீப்பொறிதான். எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டி வைத்தபடி ஓட்டாமல் முழுதாக விரித்துப் போடுங்கள். சுருளுக்குள் சூடு தங்கும்.

செங்கலும் கான்க்ரீட்டும்

சிமென்ட் கலவையில் கட்டிய செங்கல் சுவர்தான் ஹேமர் டிரில்லின் சொந்த வீடு. கார்பைடு முனை வைத்த மேசன்ரி பிட் போடுங்கள். சுத்தியல் இல்லாமல், மெதுவான வேகத்தில் ஒரு 5 மி.மீ. ஆழம் குறி பிடியுங்கள். பிட் வழுக்காமல் உட்கார்ந்த பிறகு சுத்தியலுக்கு மாற்றுங்கள். மிஷின் முழுதாக நின்ற பிறகே விசையைத் தொட வேண்டும். ஓடும்போது மாற்றினால் பல் உடையும். பிளக்கின் நீளத்தை விட 10 மி.மீ. கூடுதல் ஆழம் வேண்டும், உள்ளே தங்கும் தூளுக்கு இடம். பக்கவாட்டுக் கைப்பிடியில் ஆழத்தை அளக்கும் கம்பி வைக்க வசதி இருக்கும். இல்லையென்றால் பிட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளலாம். சில விநாடிக்கு ஒரு தடவை பிட்டைச் சுழலவிட்டபடியே வெளியே இழுத்துத் தூளை இறக்குங்கள்.

நாலரை அங்குலச் சுவர் என்றால் கொஞ்சம் நிதானம். உள்ளே 80, 90 மி.மீ. இறங்கினால் மறுபக்கத்துப் பூச்சு பெயர்ந்து விழும், அதுவும் சுத்தியலோடு போனால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு.

பில்லர், பீம், லிண்டல், சிலாப் எல்லாம் கான்க்ரீட். இங்கே சுத்தியல் கட்டாயம். வானூர், திருவக்கரைப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து வரும் கருங்கல் ஜல்லியில் பிட் முட்டினால் நகர்வு நின்று, சத்தம் கனத்துப்போகும். வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தை நிதானமாகக் கொடுத்தால் நொறுங்கி வழிவிடும். ஆனால் தூளே வராமல், கிணுகிணு என்று உலோகச் சத்தம் கேட்டு, பிட் முனையில் பளபளப்பான துகள் தெரிந்தால் அது கம்பி. உடனே நிறுத்துங்கள். இரண்டு அங்குலம் தள்ளி வேறு துளை போடுங்கள். கடற்கரைச் சூழலில் வெளியே தெரியும் கான்க்ரீட்டுக்கு, கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்க்ரீட் மூடல் இருக்க வேண்டும் என்கிறது கான்க்ரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456. பழைய கட்டடங்களில் அந்த அளவை நம்ப முடியாது. கம்பியை வெட்டிக்கொண்டு போவது கட்டடத்தின் எலும்பை வெட்டுவது. உங்கள் கைக்கும் ஆபத்து.

கைக்கு ஏன்? பிட் கம்பியில் மாட்டி நின்றுவிட்டால் மோட்டார் நிற்காது. சுழல வேண்டிய பிட் சுழலாதபோது, அதற்குப் பதிலாக மிஷின் உடம்பு சுழலும், அதைப் பிடித்திருக்கும் மணிக்கட்டும் சேர்ந்து சுழலும். ரோட்டரி ஹேமரில் பெரும்பாலும் ஒரு கிளட்ச் இருந்து விட்டுக்கொடுக்கும். விலை குறைந்த ஹேமர் டிரில்லில் அது கிடையாது. பெட்டியோடு வரும் பக்கவாட்டுக் கைப்பிடி இதற்காகத்தான். அதை மாட்டாமல் கான்க்ரீட்டில் இறங்காதீர்கள். இரண்டு கையும் பிடியில், கால் அகட்டி, முழங்கை லேசாக மடங்கி நில்லுங்கள். டிரிகரை அழுத்தியபடியே பூட்டும் பொத்தான் ஒன்று இருக்கும். கையில் பிடித்து வேலை செய்யும்போது அதைத் தொடவே கூடாது. பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி சிலாபில் துளை போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். மாட்டிக்கொண்ட மிஷின் ஒரு உலுக்கு உலுக்கினால் நாற்காலியின் நாலு காலும் நாலு திசை.

சுண்ணாம்புச் சுவர்

ஒயிட் டவுனிலும், முற்றம் வைத்த பழைய தமிழ் வீதி வீடுகளிலும் சுவர் தடிமனாக இருக்கும், பார்க்கக் கோட்டை போல. அந்தத் தடிமனை நம்பி ஏமாறக் கூடாது. செங்கல் நன்றாக இருந்தாலும் நடுவில் இருப்பது சுண்ணாம்புக் கலவை. சிமென்ட்டை விட மென்மையானது. வீட்டின் அசைவுக்கும் ஈரத்துக்கும் விட்டுக்கொடுப்பதற்காகவே அப்படி. சுத்தியலின் அதிர்வில் கலவை உதிர்ந்து, பல தடவை பூசி ஏறிய காரை சுவரை விட்டு விலகும். ஒரு துளைக்கு ஒரு முழம் பூச்சு விழுவது இங்கே சாதாரணம்.

சுத்தியலை அணைத்துவிடுங்கள். புதிய பிட், குறைந்த வேகம், பொறுமை. நீளமான பிளக், அதுவும் செங்கலுக்குள் இறங்கிப் பிடிக்கும்படி. கனமான பொருளை மாட்டவே கூடாது. பாரம்பரியக் கட்டடங்களைப் பழுதுபார்ப்பவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்: செங்கலைத் தொடாதே, இணைப்புக் கலவையில் துளை போடு, நாளைக்கு எடுத்தாலும் சுண்ணாம்பு வைத்து மூடிவிடலாம், ஓட்டையான செங்கலை மாற்ற முடியாது என்று. பூசாமல் செங்கல் தெரியும் சுவரில், லேசான பெயர்ப்பலகை மாதிரி விஷயத்துக்கு அவர்கள் பேச்சைக் கேட்பதே சரி.

மேலே பார்த்தால் மெட்ராஸ் டெரஸ். மர உத்திரத்தின் மேல் சின்னச் செங்கல்களைக் குத்துவாட்டில் அடுக்கி, சுண்ணாம்பில் கட்டிய தளம். அந்தச் செங்கல்களுக்கு நடுவே டிரில்லே வேண்டாம். விளக்கோ ஊஞ்சலோ மாட்ட வேண்டுமென்றால் உத்திரத்தின் பலத்தை விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு, மரத்தில் மாட்டுங்கள்.

ஏஏசி பிளாக், மண் கல், ஹாலோ பிளாக் மூன்றுக்கும் ஒரே சொல்: சுத்தியல் வேண்டாம். ஏஏசியில் சாதாரண இரும்பு பிட்டே இறங்கும். அதற்கென்று விற்கும் நீளமான பிளக் வாங்க வேண்டும். ஹாலோ பிளாக்கின் ஓடு மெல்லியது. சுத்தியல் பட்டால் உள்பக்கம் சில்லாக உடைந்துவிடும், வெளியே தெரியாது. ஃப்ளை ஆஷ் கல்லின் தரம் பட்டறைக்குப் பட்டறை மாறும். முதல் துளையைச் சுத்தியல் இல்லாமல் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

டைல்ஸும் கிரானைட்டும்

அதிகம் அழுகை வருவது இங்கேதான். டைல்ஸ் கடினமானது, அதே நேரம் அடி தாங்காதது. அடித்தால் நொறுங்கும், ஆனால் நீங்கள் கேட்ட இடத்தில் மட்டும் நொறுங்காது. விரிசல் விளிம்பு வரை ஓடும்.

குளியலறைச் சுவரில் ஒட்டும் செராமிக் டைல்ஸ் சற்று மென்மை. ஈட்டி முனை போன்ற கார்பைடு பிட் போதும். விட்ரிஃபைடு டைல்ஸ் வேறு ரகம். தண்ணீரையே அரை சதவீதத்துக்கு மேல் குடிக்காத அளவுக்கு இறுகியது. அதற்கு வைரத் துகள் பதித்த குழாய் வடிவ பிட் வேண்டும்.

முதலில் தட்டிப் பாருங்கள். உள்ளே கலவை நிரம்பாமல் காலியாக ஒலிக்கும் இடத்தில் துளை போட்டால் உடையும் வாய்ப்பு அதிகம், இடம் மாற்றுங்கள். விளிம்புக்கு மிக அருகிலும் வேண்டாம். இரண்டு டைல்ஸுக்கு நடுவிலுள்ள கோட்டில் போட்டால் பத்திரம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, கோடு பிட்டை விட ஒடுக்கமாக இருந்தால் இரண்டு டைல்ஸின் ஓரமும் பெயரும். குறி வைத்த இடத்தில் பெருக்கல் குறி போல மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், பிட் வழுக்காது. சுத்தியல் அணைந்திருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். டிரிகரைப் பாதி அழுத்தி மெதுவாகத் தொடங்குங்கள். குழாய் பிட்டுக்கு நடுமுனை கிடையாது. சாய்த்துப் பிடித்து ஓரத்தால் ஒரு பிறை வெட்டிய பிறகு நிமிர்த்த வேண்டும்.

சூடு பிட்டைத் தின்றுவிடும். ஈரப் பஞ்சை அருகில் வைத்து, துளையை அடிக்கடி நனைத்துக்கொண்டே போங்கள். கையில் இருப்பது 230 வோல்ட் மிஷின் என்பதையும் மறக்க வேண்டாம்; தண்ணீர் மோட்டாரின் காற்றுத் துவாரத்துக்குள் போகவே கூடாது. இந்த வேலைக்கு மட்டுமாவது பேட்டரி டிரில் கிடைத்தால் நிம்மதி. இன்னொன்று: பழுக்கச் சூடான கார்பைடு பிட்டைச் சட்டென்று தண்ணீரில் முக்காதீர்கள், முனை விரிசல் விட்டுவிடும். தொடக்கத்திலிருந்தே சூடேறாமல் பார்ப்பது வேறு, சூடேறிய பிறகு முக்குவது வேறு.

டைல்ஸைத் தாண்டியதும் பிட்டை மாற்றுங்கள். பின்னால் செங்கல் என்றால் சுத்தியல் இல்லாமலே மேசன்ரி பிட் மெதுவாக இறங்கிவிடும். கான்க்ரீட் என்றால் மட்டும், பிட் டைல்ஸின் ஓரத்தில் உரசாத அளவுக்கு உள்ளே போன பிறகு சுத்தியல் போடலாம். பிளக்கை டைல்ஸைத் தாண்டி உள்ளே தள்ளிவிட வேண்டும். டைல்ஸுக்குள்ளேயே பிளக் விரிந்தால், துளை போடும்போது உடையாத டைல்ஸ் திருகு முடுக்கும்போது உடையும். கடைசியில் துளையின் வாயில் கொஞ்சம் சிலிக்கான்.

சமையல் மேடை கிரானைட்டில் குழாய்க்கு 35 மி.மீ. துளை போடுவதெல்லாம் கிரானைட் வேலை செய்பவரிடம் விட்டுவிட வேண்டிய காரியம். நீங்களே போட்டால் வைர பிட், தண்ணீர், அடியில் பலகைத் தாங்கல், சுத்தியலுக்கு இடமே இல்லை. வில்லியனூரில் வாங்கிய சுடுமண் தொட்டியில் நீர் வடிய ஓட்டை போடுபவர்களும் இதே வழிதான்: தொட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈட்டி முனை பிட்டால், சுத்தியல் இல்லாமல்.

மரம், இரும்பு, ஷீட்

மரத்தில் சுத்தியல் ஓடினால் நார் கிழியும், அவ்வளவுதான். நடுவில் ஊசி போல் முனை உள்ள மர பிட் போடுங்கள். மறுபக்கம் சிராய் பெயராமல் இருக்க ஒரு பலகைத் துண்டை அணைத்துப் பிடியுங்கள். பண்ருட்டிப் பலா மரத்தில் செய்த பழைய நிலை, கதவு என்றால் உள்ளே ஆணி மறைந்திருக்கலாம்.

இரும்புக்கு ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட். சென்டர் பஞ்ச் வைத்து ஒரு தட்டு தட்டிக் குழி செய்யுங்கள், மெதுவான வேகம், ஒரு சொட்டு மிஷின் எண்ணெய். துண்டை வைஸிலோ கிளாம்பிலோ பிடிக்க வேண்டும், கையால் அல்ல. பிட் மறுபக்கம் உடைத்துக்கொண்டு வெளிவரும் கணத்தில் தகடு மாட்டிச் சுழலும். விரல் போவது அந்தக் கணத்தில்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிரில் என்றால் வேகத்தை இன்னும் குறைத்து, விடாமல் அழுத்துங்கள். அழுத்தாமல் உரச விட்டால் அந்த இடமே இறுகிப்போய் பிட் ஏறாது. கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஃபைபர் படகில் கொண்டி மாட்டுபவர்களுக்கும் சுத்தியல் கிடையாது, முகமூடி உண்டு. அந்தத் தூள் தோலில் பட்டால் அரிக்கும், மூச்சில் போனால் நல்லதல்ல.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் மின் டிரில்லே வேண்டாம் என்பது என் கட்சி. அதன் நார் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம். தவிர்க்கவே முடியாவிட்டால் நன்றாக நனைத்து, கையால் சுற்றும் டிரில்லில் மெதுவாகப் போட்டு, தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், பெருக்கக் கூடாது.

தூள், சத்தம், துண்டு

செங்கல், கான்க்ரீட், கிரானைட் தூள் எல்லாவற்றிலும் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்து கீழே விழும் தூளை விட, தெரியாமல் மிதப்பதுதான் நுரையீரலின் அடி வரை போகும். அதனால் வரும் சிலிகோசிஸ் குணமாகாத நோய். அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்சார் நோய்களின் பட்டியலில் அது இருக்கிறது. மாதம் ஒரு துளை போடுகிற வீட்டுக்காரருக்கு அந்தப் பயம் குறைவு. நாள் முழுக்கப் போடும் எலக்ட்ரீஷியனுக்கும் ஏசி மெக்கானிக்குக்கும் குறைவில்லை. மூக்கில் கைக்குட்டை கட்டுவது அந்த மெல்லிய தூளைத் தடுக்காது. முகத்தில் இறுக உட்காரும் என்95 வேண்டும். துளைக்குள் இருக்கும் தூளை வாயால் ஊதினால் நேராகக் கண்ணில் வரும். சைக்கிள் பம்ப் வைத்து ஊதுங்கள், அப்போதும் கண்ணாடி போட்டுக்கொண்டு. தூளை எடுக்காமல் பிளக் அடித்தால் பிடிப்பும் பாதிதான். மேல்தளத்தில் போடும்போது ஒரு பிளாஸ்டிக் கப்பின் அடியில் ஓட்டை போட்டு பிட்டில் மாட்டிக்கொண்டால் தூள் அதற்குள் விழும்.

கான்க்ரீட்டில் சுத்தியல் ஓடும்போது சத்தம் 100 டெசிபல் பக்கம் போகும். காதடைப்பான் விலை அதிகமில்லை. மதியம் கடை சாத்திக் கண்ணயரும் ஊர் புதுச்சேரி. அந்த நேரத்தில் டிரில் ஓட்டுவது பக்கத்து வீட்டோடு உறவு கெடும் வேலையும்கூட.

கழுத்தில் போட்ட துண்டு, துப்பட்டா, முந்தானை, பின்னாத தலைமுடி, மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறு: சுழலும் சக்குக்கு இவை எல்லாம் ஒன்றுதான். பருத்திக் கையுறையும் அப்படியே மாட்டிக்கொள்ளும். போட்டே ஆக வேண்டுமென்றால் விரலோடு ஒட்டியது. பிட் மாற்றும்போது சாக்கெட்டிலிருந்து மின் பிளக்கைக் கழற்றுங்கள், டிரிகரை விட்டால் மட்டும் போதாது. சக்கு சாவியை அதிலேயே விட்டுவிட்டு ஓட்டினால் அது பறந்து வரும்.

துளை தவறிப்போனால், அல்லது பழையதைக் கழற்றினால், திறந்தபடி விடாதீர்கள். கான்க்ரீட் என்றால் கட்டாயம் எபாக்சியோ சிமென்ட் கலவையோ வைத்து அடையுங்கள். உப்புக் காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் அந்த வழியாகக் கம்பி வரை போகும், கம்பி துருவேறிப் பருத்தால் கான்க்ரீட் வெடிக்கும். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் வைக்காமல் சுண்ணாம்பே வைக்க வேண்டும். வெளிச்சுவரில் போடும் திருகும் ஆங்கர் போல்ட்டும் சாதாரண முலாம் பூசியதாக இருந்தால் கடற்கரை ஓரத்தில் சீக்கிரமே பழுப்பு வடியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்ற ரகம் பரவாயில்லை. கடலைப் பார்த்த சுவர் என்றால் 316 கேட்டு வாங்குங்கள். ஏசி அவுட்டோர் யூனிட், சோலார் ஸ்டாண்டு மாதிரி புயல் காற்றில் நிற்க வேண்டியவற்றுக்கு அந்த விலை வித்தியாசத்தைப் பார்க்க வேண்டாம்.